அமானிதத்துக்கு எடை இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குத் தயிர் பிடிக்காது. கிண்ணியாவில் பிறந்தவன் வாய்விட்டுச் சொல்லக் கூடாத பேச்சு இது. எருமைத் தயிரும் அதன் மேல் ஊற்றுகிற கித்துள் பாணியும் வராமல் எங்கள் பக்கத்தில் ஒரு கலியாணச் சாப்பாடும் முடிந்ததில்லை. அது வரும் நேரம் பார்த்து நான் கை கழுவ எழும்பிவிடுவேன். என் மாமியார் இதை ஒரு வியாதி என்றே நினைத்துத் தண்ணீர் ஓதிக் குடிக்கத் தந்தார். ஆகவே இந்த விஷயத்தில் தயிர் வந்து சேர்ந்தது தற்செயல்தான். கருவாட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்திருந்தால் கருவாடு வந்திருக்கும்.

விசாரணைக்குக் கூப்பிட்டாலும் நீங்கள் கதிரை தந்தீர்கள், தேத்தண்ணி தந்தீர்கள், இன்னும் ‘கெப்டன் ஸாஜித்’ என்று மரியாதையாகவே கூப்பிடுகிறீர்கள். அந்த மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். நேற்றுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள், அதற்கு நான் சொன்னது பதிலே இல்லை. அது கடைசியில் வரட்டும். ஒழுங்காகச் சொன்னால் உங்களுக்கும் எழுதச் சுகம்.

திருகோணமலையில் போன வருடம் வரை இரண்டு சின்ன விமானக் கம்பனிகள் இருந்தன. இரண்டும் கொழும்புக்குப் பறந்தன, இரண்டும் நட்டத்தில் பறந்தன. என்னுடைய கம்பனி கரையோரம் ஏர். எங்கள் விமானங்களுக்குச் சில்லு இருந்தது. சீனக்குடா ஓடுபாதையில் உருண்டோடி எழும்பும். மற்றக் கம்பனி நீர்க்காகம். அவர்களுடையது மிதவை விமானம். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் வள்ளம் மாதிரி இரண்டு நீண்ட மிதவைகள் இருக்கும், துறைமுகத் தண்ணீரில் ஓடி எழும்பிக் கொழும்பில் ஏரித் தண்ணீரிலேயே இறங்கும். மற்றப்படி எல்லாம் ஒன்றுதான், மூக்கில் ஒற்றை எஞ்சின், உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். நீர்க்காகத்தின் மூத்த கெப்டன் நிப்றாஸ். என் தங்கச்சி றிஷானாவின் புருஷன். நல்லவன். நல்லவனாக இருந்தான் என்று சொல்ல வேண்டும், வாய்க்கு இன்னும் பழகவில்லை.

நட்டத்தோடு நட்டத்தைக் கூட்டினால் லாபம் வரும் என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்தார்கள். இரண்டு கம்பனியும் ஒன்றாயின. புதிய பெயர் வைக்க ஒரு ஆலோசகரைப் பிடித்தார்கள். அவர் மாதக்கணக்காக யோசித்து ஆங்கிலத்தில் ஏதோ வைத்தார். இறங்குதுறையில் சாமான் ஏற்றுகிற அஷ்பாக் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் அதைக் ‘கரைக்காகம்’ ஆக்கினார். ஊரில் நிலைத்தது அதுதான்.

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக் கூட்டம் நடந்தது. புதிய முகாமையாளர் றிப்தி, கொழும்பு ஆள், சப்பாத்து மினுங்கும். திரையில் இரண்டு கைகள் குலுக்குகிற படத்தைப் போட்டுவிட்டு, “நாங்க இனி ஒரே குடும்பம்” என்றார். பின் கதிரையில் இருந்த அஷ்பாக் என் காதுக்குள், “அப்ப வீடு ஆருக்கு, சேர்?” என்றார். சிரித்தேன். எங்கள் பக்கத்தில் இரண்டு குடும்பம் ஒன்றானால் முதலில் கேட்கப்படுகிற கேள்வி அதுதான்.

எங்கள் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பான். வாப்பா வலை இழுத்துக் கட்டிய வீடு றிஷானாவுக்குப் போனது, அவளோடு சேர்த்து நிப்றாஸுக்கும் போனது. நான் வளர்ந்த அறையில் அவன் படுத்தான். நான் என் மனைவியின் வீட்டில், அவளுடைய வாப்பா வாங்கிப் போட்ட கட்டிலில் படுத்தேன். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முறை அது. உம்மாவைப் பார்க்கப் போனால் நிப்றாஸ்தான் கதிரையை இழுத்துப் போடுவான். “இரிங்க மச்சான், ஒங்கட ஊடு மாதிரி நெனச்சிக்கங்க” என்பான். பகிடிக்குத்தான் சொல்வான். பகிடி என்று எனக்கும் தெரியும்.

குடும்பம் என்று சொன்ன அதே வாயால் றிப்தி அடுத்த படத்தைப் போட்டார். ஐந்து விமானத்தில் இரண்டுதான் மிஞ்சும். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், இரண்டு வகைக்கும் உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் வைத்துக்கொள்ளக் கட்டாது. சில்லா மிதவையா என்று மூன்று மாதம் பார்ப்பார்கள். எது நேரத்துக்குப் போகிறது, எது எரிபொருள் குறைவாகக் குடிக்கிறது, எதைப் பற்றிப் பயணிகள் கத்துவதில்லை என்று பார்த்துவிட்டு மற்றதை விற்பார்கள்.

கூட்டம் முடிந்து பைலட்மார் எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு செத்த வீட்டில் நிற்பதைப் போல நின்றார்கள். ஒருவன் மாலைதீவுக்கு எழுதப் போகிறேன் என்றான். ஒருவன் நிலாவெளியில் மாமனாரின் விடுதியைப் பார்க்கப் போகிறேன் என்றான், மாமனாருக்கு அது இன்னும் தெரியாது. வானத்தில் பறக்கத் தெரிந்தவனுக்குத் தரையில் செய்ய ஒரு தொழிலும் தெரியாது. எங்கள் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒரு பஸ்கூட ஓட்ட முடியாது.

நான் கோப்பையை வைத்துவிட்டு நிதானமாக யோசித்தேன். மிதவையில் ஓட்டுகிறவன் ஒரு கிழமைப் பயிற்சியில், ஏழே நாளில், சில்லுக்கு மாறுவான். சில்லில் ஓட்டுகிறவன் மிதவைக்கு மாற ஒரு வருடம் பிடிக்கும், அதற்கு யாரும் காசு கட்ட மாட்டார்கள். சில்லு வென்றால் எனக்கு ஒரு ஆசனம் உண்டு. மிதவை வென்றால், நாற்பத்தாறு வயதில், என் மனைவியின் வீட்டில், அவளுடைய வாப்பாவின் கட்டிலில் நான் பகலிலும் படுத்திருப்பேன். என் நிலைமை இவ்வளவுதான்.

இனித் தயிருக்கு வருகிறேன்.

அமானிதம் என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, பாவிக்கக் கூடாது, உரியவர் கையில் சேர்க்க வேண்டும். மார்க்கம் சொல்வது அவ்வளவுதான். எங்கள் சனங்கள் அதோடு தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: அமானிதத்தை நிறுக்கக் கூடாது. சின்ன விமானத்தில் பயணியையும் நிறுப்போம், பையையும் நிறுப்போம். கொழும்பிலிருக்கிற மகளுக்குக் கொடுக்கச் சொல்லி அயல் வீட்டார் தந்த மண்ணாலான தயிர் முட்டி கையில் இருந்தால், “இது எண்ட சாமான் இல்ல, அமானிதம்” என்று அதை ஓரமாக வைத்துவிட்டு ஆள் தராசில் ஏறுவார். இறங்கி, முட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறுவார். தராசுக்கு அது தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும்.

எங்கள் கம்பனியில் நான் இதை நிறுத்தியிருந்தேன். முட்டியோடு வந்தால் முட்டியோடு திரும்பிப் போகச் சொல்வேன். அதனால் ஊரில் எனக்குக் கல்நெஞ்சன் என்று பெயர். நிப்றாஸுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பயணி இல்லாமல் தனியாக வருகிற முட்டியையும் வாங்கிக்கொள்வான். தயிர் கசிந்தால் உள்ளே மணக்கும் என்று வெள்ளைக்காரப் பயணிகள் முகம் சுளித்ததால், முட்டிகளை மிதவைக்குள் வைக்கப் பழகினான். மிதவைகள் உள்ளே வெறும் கூடு, மேலே மூடி வைத்த சின்னச் சாமான் அறை ஒன்று இரண்டிலும் உண்டு.

அவனை விசரன் என்று நினைக்காதீர்கள். கவனமான பைலட். எத்தனை முட்டி என்று கேட்பான், ஒரு முட்டிக்கு இவ்வளவு என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தான், அந்த அளவுக்கு எரிபொருளைக் குறைத்துக்கொள்வான். அவனுடைய துணைப் பைலட் ஜதுசா, உப்புவெளிப் பிள்ளை, புதிதாகப் படித்து வந்தவள். “சேர், இதுகளையும் ஒருக்கா நிறுத்துப் பாத்தா என்ன?” என்று ஒருநாள் கேட்டாளாம். “அமானிதத்த நிறுக்கிறதா புள்ள? ஊர் சிரிக்கும்” என்றானாம். இதை அவனே சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே யோசித்தேன்.

நான் முதலில் செய்தது ஒரு குற்றமும் இல்லை. தயிர் விற்கிற மைமூனா ராத்தாவைக் கண்டபோது, “நிப்றாஸ் இருக்கக்கொள்ள என்னத்துக்கு பஸ்ல தயிர் அனுப்பிறீங்க? அவர் இல்லையெண்டு செல்ல மாட்டார்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். மைமூனா ராத்தாவிடம் ஒன்றைச் சொல்வது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதற்குச் சமம். அந்தக் கிழமையே இறங்குதுறையில் முட்டிகள் வரிசை கட்டி நின்றன. மூதூரில் இருந்தும் வந்தன. நிப்றாஸ் எல்லாரிடமும் சுகம் விசாரித்து வாங்கி வைத்தான்.

சனங்களின் அன்பு அவனைத் தாழ்த்திவிடும் என்று நினைத்தேன். தாழ்த்தவில்லை. எண்ணினான், எரிபொருளைக் குறைத்தான், பறந்தான். சரியான நேரத்துக்குப் போய் இறங்கினான். பயணிகள் இறங்கும்போது துறைமுகத்துக்கு மேலாகச் சூரியன் வந்த படத்தைக் காட்டிச் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் விமானத்தில் இருந்து யாரும் படம் எடுப்பதில்லை. முதல் மாத முடிவில் றிப்தி என்னைப் பார்த்து, “மிதவைதான் நல்லாப் போகுது போல” என்றார். வயிறு எரிந்தது, அதை ஒளிக்க வேண்டியதில்லை.

வாப்பா மௌத்தாகி வருடங்கள் போயும், அவருடைய பழைய வலையின் ஈயம் வீட்டுப் பின்பக்கத்தில் சாக்கோடு கிடந்தது. வலையின் அடியில் கட்டுகிற ஈயக்கட்டிகள். கடைச் சாமான் அல்ல, வாப்பா தானே ஈயத்தை உருக்கி, மண்ணில் புளியங்கொட்டை அச்சுப் பதித்து வார்த்தவை. வலைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அச்சு. வலை அறுந்து எங்கே கரையொதுங்கினாலும் ஈயத்தைப் பார்த்து ஆளுடையது என்று சொல்வார்கள். நான் சாக்கை எடுக்கப் போனபோது நிப்றாஸ் வீட்டில் நின்றான். “பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கப் போறன்” என்றேன். சாக்கின் மறுபக்கத்தைப் பிடித்துக் கார் வரைக்கும் தூக்கித் தந்தது அவன்தான். “வாப்பா பாரமான மனிசன்தான்” என்று முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

ஈயத்தைச் சாக்குத் துண்டில் சுற்றி முட்டிக்குள் இறக்கி, மேலே நாலு விரல் உயரத்துக்குத் தயிரை ஊற்றி, வாயைத் தாளால் மூடிக் கட்டினேன். மேலே மைமூனா ராத்தாவின் தயிர், கீழே வாப்பாவின் ஈயம். நிப்றாஸிடம், “எங்கட கம்பனியில முட்டி ஏத்த நானே தடை போட்டுட்டன், நானே ஏத்தினா சரியில்ல. எண்ட மனுசிட ஆக்களுக்கு மச்சான், தெமட்டகொடைக்கு. அங்க ஏரிக்கரையில வச்சிட்டா நானே வந்து எடுப்பன்” என்றேன். அவனுக்குச் சந்தோஷம். நான் அவனிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஈயம் போகும்போது அவனுடைய மிதவையில் போனது, வரும்போது திருகோணமலை பஸ்ஸின் பின்பெட்டியில் வந்தது. பஸ்காரன் அமானிதத்துக்கும் காசு எடுத்தான்.

முட்டிகளைத் தூக்கி வைத்தவர் அஷ்பாக். முதல்நாள் ஒன்றைத் தூக்கியவர் அதை மறுபடி கீழே வைத்து, என்னைப் பார்த்து, “இண்டைக்குத் தயிர் நல்ல கெட்டி சேர்” என்றார். “எங்கட மாமிட கைப்பக்குவம்” என்றேன். பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அமானிதத்தை யார் பிரிப்பார்? அந்த நேரத்தில் எங்கள் ஊர் சனத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மிதவை விமானம் நோய் பிடித்த மாடானது. காற்றுள்ள நாளில் சமாளித்தது. காற்றில்லாத நாளில் துறைமுகம் எண்ணெய் மாதிரிக் கிடக்கும், தண்ணீர் மிதவையைப் பிடித்துக்கொண்டு விடாது. நிப்றாஸ் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு இறங்குதுறைக்குத் திரும்பி வந்து இரண்டு பயணிகளை இறக்குவான். இறக்கப்பட்டவர்கள் கத்துவார்கள். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார்கள், மிதவைக்குள் தண்ணீர் கசிகிறதா என்று பம்ப் போட்டுப் பார்த்தார்கள். முட்டிகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் பார்த்தார்கள், பார்த்து முடிந்ததும் மறுபடி பத்திரமாக உள்ளே வைத்தார்கள். நிப்றாஸ் மெலிந்துபோனான். ஒருநாள் என்னிடம் வந்து, “மச்சான், எனக்கு என்னமோ நடந்திட்டு. கை மறந்து போச்சு போல” என்றான். எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. “வயசு போகுது மச்சான், எல்லாருக்கும் வாறதுதான்” என்று தோளில் தட்டினேன். அவன் என்னைவிட இரண்டு வயது இளமை.

மூன்று மாதம் முடிய றிப்தி முடிவைச் சொன்னார். சில்லு வென்றது. மிதவை விமானங்கள் விற்கப்படும். அன்று பின்னேரம் மனைவிக்கு ஒரு சாரி வாங்கிக்கொண்டு போனேன். இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நீங்களும் நானும் சந்தித்திருக்கவே மாட்டோம். பழியை றிப்தி சேர் பேரில் போட்டு நான் தப்பப் பார்க்கவில்லை, ஆனால் அடுத்தது அவர் செய்தது.

அடுத்த கிழமை கூப்பிட்டார். இரண்டு விமானம், இரண்டு கெப்டன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு கெப்டனுக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஆள் இருந்தது, பெரிய இடத்து ஆள். திருகோணமலைக்கு ஒரு ஆசனம்தான். இரண்டு கம்பனியும் ஒன்றானபடியால் யார் முதலில் சேவையில் சேர்ந்தார் என்று பார்த்திருக்கிறார்கள். நான் கொஞ்ச வருடம் வெளிநாட்டில் வேலை தேடித் திரிந்த காலத்தில் நிப்றாஸ் இங்கே சேர்ந்துவிட்டான். “நிப்றாஸ் ஒரு கிழமையில சில்லுக்கு மாறிடுவார். நீங்க அவருக்குத் துணைப் பைலட்டா இரிக்க விருப்பமெண்டா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் றிப்தி. மிகவும் தன்மையாகச் சொன்னார்.

நான் பாடுபட்டு வெல்ல வைத்த விமானத்தில் அவன் வந்து உட்காரப் போகிறான். வீடு மாதிரியே. நிப்றாஸ் அன்றே வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நான் கேக்கல்ல மச்சான். நீங்க வேணாமெண்டா நான் விடுறன்” என்றான். விட்டிருப்பான், அவன் அப்படிப்பட்டவன். அவன் விட்டுத்தந்து நான் எடுத்தேன் என்று ஊர் முழுக்கக் காலம் முழுக்கச் சொல்லும். “சீ, என்ன கதை மச்சான் இது” என்று சொல்லி அனுப்பினேன். அவனை எனக்கு அன்றைக்குத்தான் உண்மையில் பிடிக்காமல் போனது.

கடைசி மிதவை விமானத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வாங்கியவர்களிடம் ஒப்படைக்க நாள் குறித்தார்கள். பயணிகள் இல்லை. நிப்றாஸும் ஜதுசாவும் மட்டும். நீர்க்காகத்தின் கடைசிப் பறப்பு என்றபடியால் றிஷானாவையும் ஏற்றிக்கொண்டு போகக் கம்பனி சம்மதித்தது. அவளுக்கு அப்போது ஐந்து மாதம். கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. காலையில் இறங்குதுறை முழுக்கச் சனம். இனிக் கொண்டுபோக ஆளில்லை என்று ஊரே முட்டி அனுப்பியிருந்தது. றிப்தியும் வந்து மினுங்கும் சப்பாத்தோடு ஓரமாக நின்றார்.

என்னுடைய எண்ணத்தைத் தெளிவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். காற்றில்லாத காலை. பாரம் கூடினால் விமானம் எழும்பாது. ஊரும் றிப்தியும் பார்த்திருக்க அவன் ஓடி ஓடி ஏலாமல் திரும்பி வருவான். வெறும் விமானத்தையே எழுப்பத் தெரியாதவனிடமா ஆசனத்தைக் கொடுப்பது என்று றிப்தி ஒரு தடவை யோசிப்பார். அவ்வளவுதான் நான் வேண்டியது. ஒரு வெட்கம். வெட்கத்தால் யாரும் சாவதில்லை.

என் முட்டிகளை நானே கொண்டுபோனேன். இந்தமுறை சாக்கில் இருந்த ஈயம் முழுவதும். அஷ்பாக் கை நீட்டினார், “நீங்க உடுங்க, கடைசி நாள், நான் வைக்கிறன்” என்றேன். “எத்தினை முட்டி மச்சான்?” என்று மேலிருந்து நிப்றாஸ் கேட்டான். எத்தனையோ அத்தனையைச் சொன்னேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இடப்பக்க மிதவையில் வைத்தேன், ஏனென்றால் கரைக்குக் கிட்ட இருந்தது அதுதான். ஒற்றை எஞ்சின் விமானம் எழும்பும்போது இயல்பாகவே இடப்பக்கம் சரியப் பார்க்கும் என்று நீங்கள் எங்கோ கேட்டு வந்து நேற்றுச் சொன்னீர்கள். உண்மைதான். பைலட் பாடசாலையில் முதல் கிழமை சொல்லித்தருவது. அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

றிஷானா ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் உம்மாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. நான்தான் போய்ச் சொன்னேன். “உம்மா தனிய கெடக்காவாம், நீ போ தங்கச்சி, கொழும்புக்கு இன்னொரு நாளைக்கிப் போகலாம்” என்றேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. நிப்றாஸ் அவளைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, “உம்மாவப் பாருங்க, நான் பின்னேரம் பஸ்ல வந்திருவன்” என்றான். என் காரிலேயே அவளை ஏற்றி அனுப்பினேன்.

பிறகு நடந்ததை நீங்கள் கரையிலிருந்த எல்லாரிடமும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பைலட் என்ற முறையில் சொல்கிறேன், மிக அழகாக ஓட்டினான். தண்ணீர் விடவில்லை என்று கண்டதும் வலது மிதவையை முதலில் தூக்கினான், அது கைதேர்ந்தவர்கள் செய்வது. இடது மிதவை வரவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஜதுசா ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், நிறுத்துவோம் சேர் என்று தான் கேட்டதாகவும், “ஊரே பாத்துட்டு நிக்கிது புள்ள, இத்தினை பேர்ர அமானிதம் கெடக்கு” என்று அவன் சொன்னதாகவும். ஓட்டம் முடிகிற இடத்தில் இடது மிதவையையும் பிடுங்கி எடுத்தான். எழும்பியது. சனம் கை தட்டியது. பிறகு இடது இறக்கை தண்ணீரைத் தொட்டது.

ஜதுசாவை மீனவர்கள் எடுத்தார்கள். முதுகெலும்பு போய்விட்டது, இனிப் பறக்க மாட்டாள் என்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த முழு விஷயத்திலும் நான் கவனமில்லாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். நிப்றாஸை எடுக்கப் பின்னேரம் வரை சென்றது. கிண்ணியாவில் அன்று கடை திறக்கவில்லை. ஜனாஸாவை நானும் தோளில் தாங்கினேன். மச்சான் இல்லையா, முன்பக்கம் என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்து றிப்தி எனக்கு ஆசனத்தைத் தந்தார். ஏற்றுக்கொண்டேன். யாராவது ஓட்டத்தானே வேண்டும்.

சுழியோடிகள் மிதவைக்குள் இருந்து ஈயத்தை எடுத்தது எனக்கு மறுநாளே தெரியும். யாரோ மீனவனுடைய வலைச் சாமான் என்று எழுதி வைத்திருந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் ஒரு கட்டியைக் கொண்டுபோய் உம்மாவின் கையில் வைத்தீர்கள். நாற்பது வருடம் வலைக்காரனோடு குடித்தனம் நடத்திய மனுஷி. குசினி வாசலில் இருந்து அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார் என்று நேற்றுச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். வெட்கப்படுத்த மட்டும்தான் நினைத்தீர்கள் என்றால், விமானம் பத்திரமாகத் திரும்பி வரும் என்று நம்பினீர்கள் என்றால், தங்கச்சியை ஏன் இறக்கினீர்கள்? உம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். சரி, நாளைக்கு உம்மாவிடம் கேட்டுக்கொள்கிறோம் என்றீர்கள்.

போக வேண்டாம். வயதான மனுஷி. அவரைக் கரைச்சல் படுத்தக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

றிஷானா புருஷனுக்காக இத்தா இருக்கிறாள். பிள்ளை பிறக்கும் வரை வெளியே வர மாட்டாள். துக்கம் கேட்க வருகிற பெண்களிடம் எல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்: “எண்ட புள்ளைக்காக அல்லாஹ் உம்மாக்குக் காய்ச்சலக் குடுத்தான்.” உம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். முதல்நாள் பின்னேரம் நான் போய், “புள்ளத்தாச்சி பறக்கிறது நல்லதில்ல உம்மா, சொன்னாக் கேக்க மாட்டா, நாளைக்கி ஒருக்கா காய்ச்சலெண்டு போத்திட்டுப் படுங்க” என்றபோது, என் தலையைத் தடவி, “தங்கச்சில எவ்வளவு பாசம் எண்ட புள்ளைக்கு” என்றவர் அவர். அந்த ஈயத்தைப் பார்த்ததில் இருந்து என்னோடு கதைப்பதில்லை. நான் போனால் சோறு போட்டு வைக்கிறார், கதைப்பதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அன்று உம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. என் தங்கச்சியையும் அவள் பிள்ளையையும் காப்பாற்றியது நான்தான். அதையும் மறக்காமல் எழுதுங்கள்.